சுவருக்குள் ஓர் அடுப்பு

மேல்முறையீட்டு அதிகாரி வீட்டுத் திட்டத்தின் பளபளப்பான புத்தகத்தில் எட்டாம் பக்கத்தைத் தேடிப் பிடித்து, அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். மின்விசிறி சுற்றிய வேகத்தில் பக்கம் மறுபடி மூடிக்கொள்ளப் பார்த்தது. ஸ்டேப்ளரை எடுத்து ஓரத்தில் பாரம் வைத்தார்.

"இது உங்க அம்மா வீடுதானே?"

அவள் குனிந்து பார்க்கவில்லை. அந்தப் படத்தை எடுத்தபோது உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவளே அவள்தான். இரண்டு வீடுகளுக்கு நடுவிலிருக்கும் சுவர். சுவரில் ஜன்னல் அளவுக்கு ஓர் ஓட்டை. ஓட்டைக்குள் ஒரு கேஸ் அடுப்பு. இந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் கை சட்டியைப் பிடித்திருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து, விரல்நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்துப்போன இன்னொரு கை கரண்டியோடு நீண்டிருக்கும். கீழே பச்சை எழுத்தில், 'பகிர்ந்து வாழும் சமூகம்: எங்கள் வடிவமைப்பின் ஊற்று.'

"ஒரு அடுப்பு, ஒரு குடும்பம், ஒரு வீடு. இதுதான் விதி. உங்க திட்டத்தோட புத்தகத்துலயே ஒரு அடுப்புதான் இருக்கு. கணக்கெடுப்புப் படிவத்துலயும் ஒரு அடுப்பு. கீழ இருக்கிற கையெழுத்து யாருது?"

"என்னுது சார்."

"அப்ப யாரை எதிர்த்து மேல்முறையீடு பண்றீங்க?"

நக்கலாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பாள். நாக்கு அவளுக்கு எப்போதும் தயாராக இருக்கும். ஆனால் அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். படிவத்தின் நகலை எடுத்துப் பார்க்கச் சொன்னார். அவளுடைய கையெழுத்து, முத்து முத்தாக. பள்ளிக்கூடத்தில் பாராட்டு வாங்கித் தந்த அதே கையெழுத்து. இருபத்தேழாவது கேள்வியில் கண் நின்றது. 'அவசரத்துக்கு யாரை அழைப்பீர்கள்?' அன்றைக்கு அம்மா, "எதுக்குக் கூப்பிடணும்? அவதான் அங்கயே இருக்காளே" என்று சுவரைக் காட்டியிருந்தாள். அந்தப் பதிலுக்குப் படிவத்தில் இடமில்லை. 'பொருந்தாது' என்று எழுதியிருந்தாள் மகள்.

கால்வாய் ஓரத்து மூன்று சந்துகளிலும் சேர்த்து அறுபத்தியொரு வாசல். அத்தனையிலும் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் அவள். அதனால் அவளுக்கு 'டிகிரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாதி பெருமை, மீதி குத்தல். "டிகிரி வருது, காலை மடக்கு" என்பார்கள். "டிகிரிக்கு வழி விடுங்கப்பா, சேறு பட்டா சர்டிபிகேட் செல்லாது" என்பார்கள். அவளும் முறைத்துக்கொண்டே போவாள்.

வீட்டுத் திட்டம் வந்தபோது அதை நடத்திய நிறுவனம் கணக்கெடுக்க அவளையே வேலைக்கு எடுத்தது. உள்ளூர்ப் பெண், படித்தவள், ஜனங்களோடு பேசத் தெரிந்தவள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் பழைய கிடங்கு இருந்த நிலத்தில் நாலு மாடிக் கட்டடங்கள். சுடாத மண்கல், மொட்டை மாடி முழுக்கச் சூரியத் தகடு, மழைத்தண்ணீருக்குத் தொட்டி, குளித்த தண்ணீர் செடிக்குப் போக வழி. ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிற வேலை இல்லை. அதே ஜனம், அதே அக்கம்பக்கம், இருநூறு அடி தள்ளி ஒரு நல்ல வீடு. இதைவிட யார் என்ன செய்துவிட முடியும் என்று அவள் நம்பினாள். சும்மா நம்பவில்லை, சந்து சந்தாகப் போய்ச் சண்டை போட்டு மற்றவர்களையும் நம்ப வைத்தாள்.

அந்தக் கட்டடங்களை வரைந்த ஆர்க்கிடெக்ட் நல்ல மனிதர். அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்திருந்தால் வாய் நிறையத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். அவர் நாலு மாதம் சந்துக்குள் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து படம் வரைந்தார். யார் எங்கே துணி காயப்போடுகிறார்கள், குழந்தைகள் எந்த நிழலில் ஆடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டார். அந்தச் சுவர் அடுப்பைப் பார்த்த அன்றைக்கு மனுஷன் பென்சிலைக் காதில் செருகிவிட்டு ஓட்டைக்குள் குனிந்து பார்த்தார். பிறகு, "பன்னெண்டு வருஷமா நான் கிளாஸ்ல சொல்லிக் குடுக்கிறதை இவங்க ஒரு ஓட்டை போட்டு முடிச்சுட்டாங்க" என்றார்.

அந்த ஓட்டை யாரும் போட்டது இல்லை. தானாக விழுந்தது. அவளுக்குப் பதினோரு வயதிருக்கும்போது ஒரு மழையில் சுவர் ஊறி, நடுவில் ஏழெட்டு வரிசைச் செங்கல் இந்தப் பக்கம் சரிந்தது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் வேலை, மூன்று ஷிப்டு மாறி மாறி வரும். அப்பா என்று ஒருவர் அதற்கு முன்பே செத்துப்போயிருந்தார். பக்கத்து வாசலில் தனியாக இருந்த தையல்காரியை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிட்டார்கள். ஒல்லி உடம்பு, பேச்சும் குத்தும். கட்டியவன் எந்தத் திசையில் போனான் என்று அவள் சொன்னதில்லை, யாரும் கேட்கத் துணிந்ததில்லை. அம்மாவைவிட நாலு வயது சின்னவள், அதனால் இவளுக்குச் சித்தி.

சுவரை அடைக்கக் கொத்தனாரைக் கூப்பிடலாம் என்றாள் அம்மா. ஊசி ஓட்டைக்குள் தலையை நீட்டி இந்தப் பக்கத்தை ஒருமுறை நோட்டம் விட்டாள்.

"எதுக்குக்கா அடைக்கணும்? அடுப்பை இதுல தூக்கி வெச்சுரு. நீ ஷிப்டுக்குப் போனா நான் பிள்ளைக்கு ஆக்கிப் போடுவேன். எனக்கு ஆர்டர் இருந்தா நீ ஆக்கு. ரெண்டு பேரும் ரெண்டு அடுப்பை வெச்சுக்கிட்டு ஆளுக்கு ஒரு கைப்பிடி அரிசி வேக வெக்கிறது கேவலமா இல்ல?"

அப்படித்தான் அடுப்பு சுவருக்குள் குடிவந்தது. அதற்கென்று ஒரு வழக்கமும் வந்தது. சமைத்து முடித்தவள் சட்டியின் கைப்பிடியை மற்றவள் பக்கம் திருப்பி வைத்துவிடுவாள். கூப்பிட வேண்டாம், கதவைத் தட்ட வேண்டாம். கைப்பிடி உன்னைப் பார்த்து இருந்தால் சாப்பாடு தயார், எடுத்துக்கொள். ஒருமுறை ஒரு வாளித் தண்ணீருக்காக இரண்டு பேரும் பதினோரு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பதினோரு நாளும் கைப்பிடி ஒருவேளைகூடத் திரும்பாமல் இருந்ததில்லை. கொஞ்சம் சத்தமாகத் திரும்பியது, அவ்வளவுதான்.

கணக்கெடுப்பு வாரத்தில், ஓர் அடுப்புக்கு ஒரு வீடு என்கிற செய்தி அவளுக்கு முன்னால் சந்தெல்லாம் ஓடிவிட்டது. முதல் சந்தில் மூன்றாவது வாசலில் ஒரு நீல அடுப்பைப் பார்த்தாள். ஏழாவது வாசலிலும் ஒரு நீல அடுப்பு. இரண்டாவது சந்திலும் ஒன்று. அதன் இடது மூலையில் முதல் அடுப்பில் பார்த்த அதே நசுங்கல். அவள் ஒரு வீட்டில் டீ குடித்து முடிப்பதற்குள் அடுப்பு பின்வாசல் வழியாக அடுத்த வீட்டுக்குப் போய் இவளுக்காகக் காத்திருந்தது. நாலாவது வீட்டில் தொட்டுப் பார்த்தாள், இன்னும் சூடாக இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். கோபம் வந்தது. தன் படிப்பை ஏமாற்றுகிறார்கள் என்று கோபம். அன்று மாலையே வெள்ளைப் பெயின்ட் வாங்கி, ஒவ்வோர் அடுப்புக்கும் அடியில் நம்பர் போட ஆரம்பித்தாள்.

"டிகிரி வாங்கினது அடுப்புக்கு மூக்குத்தி குத்தத்தானா?" என்றாள் ஒருத்தி.

டீக்கடைக்காரர் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார், அவளுக்குக் கேட்கும்படியான மெதுவில். "ஊரு அடுப்பெல்லாம் எண்ணுவா. அவ வீட்டுல மட்டும் ஒண்ணை ரெண்டா எழுதிப்பா பாரேன்."

அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. மறுநாள் தன் வீட்டு வாசலில் அந்நியப் பெண்ணைப் போல நின்று, படிவத்தின் முதல் கேள்வியிலிருந்து தொடங்கினாள். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என் பேரு உனக்குத் தெரியாதாடி?" என்றாள். அடுப்புக் கேள்வி வந்தபோது, ஓட்டை வழியாக ஊசியின் முகம் தெரிந்தது.

"ஏய், இரு. கட்டிலுக்கு அடியில என் பழைய அடுப்பு கிடக்கு. துருதான், ஆனா எரியும். எடுத்துப் பத்த வெக்கட்டுமா?"

"அது உபயோகத்துல இல்ல சித்தி."

"இப்ப உபயோகத்துக்கு வந்துருமே."

"என்னைப் பொய் எழுதச் சொல்றியா? ஊரே செய்யுது. நானும் செஞ்சா அப்புறம் நான் எதுக்குப் படிச்சேன்?"

வெட்டுத்துணி மூட்டைக்கு நடுவிலிருந்து பாதி இழுத்த அடுப்பை ஊசி திரும்ப உள்ளே தள்ளுகிற சத்தம் கேட்டது. "சரி, எழுது. உள்ளதை எழுது" என்றாள். அவள் எழுதினாள். அடுப்பு ஒன்று. குடும்பம் ஒன்று. குடும்பத் தலைவிக்கு ஊசி என்ன உறவு என்ற இடத்தில் ஐந்து கட்டங்கள் இருந்தன. கணவன், மகன், மகள், பெற்றோர், சார்ந்து வாழ்பவர். கடைசிக் கட்டத்தில் டிக் போட்டாள்.

ஆர்க்கிடெக்ட் வாக்குக் கொடுத்திருந்தார். பகிர்ந்து சமைக்கிறவர்களுக்குப் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுச்சுவரில் ஒரு திறப்பு, வரைபடத்திலேயே இருக்கிறது என்று விரித்துக் காட்டினார். அதை நம்பித்தான், விடுபட்டவர்கள் மறுபதிவு செய்யக் கொடுத்த பதினைந்து நாளில் ஊசியைப் போக வேண்டாம் என்றாள். "வரிசையில நின்னு கால் வலிக்கணுமா? நான் பாத்துக்கறேன் சித்தி." நீல அடுப்பைச் சுமந்தவர்கள் நாலு பேரும் அந்தப் பதினைந்து நாளில் ஆளுக்கோர் அடுப்பு வாங்கி, கடை ரசீதோடு போய் நின்றார்கள். நாலு பேருக்கும் வீடு வந்தது. ஒட்டிய பட்டியலில் ஊசியின் பெயருக்கு எதிரே தனி எண் இல்லை. அம்மாவின் எண்ணுக்குக் கீழே, சின்ன எழுத்தில், பின்குறிப்புப் போல இருந்தாள்.

அதிகாரி கைவிரித்துவிட, மேல்முறையீட்டு அலுவலகத்திலிருந்து வெளியே வந்து ஆர்க்கிடெக்டுக்குப் போன் செய்தாள். அவர் குரல் உண்மையாகவே உடைந்தது.

"வீடு யாருக்குங்கிறது துறையோட முடிவும்மா. நான் வரையறவன் மட்டும்தான். ஆனா அந்த அடுப்பை நான் விடல. கீழ்த்தளத்துல பொதுச் சமையலறை வருது. அந்த அடுப்புதான் இந்தக் கட்டடமே."

"அதுல சமைச்சவளுக்கு வீடு இல்ல சார்" என்றாள். அவளே வைத்துவிட்டாள்.

ஊசியின் வாசலுக்குப் போனபோது அவள் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். புது வீட்டு ஜன்னல்களெல்லாம் ஒரே அளவு என்பதால் மூன்று சந்தும் அவளிடமே ஆர்டர் கொடுத்திருந்தது. அறை முழுக்க மடித்த துணிகள், ஒவ்வொன்றின் மேலும் வீட்டு எண் எழுதிய துண்டுச்சீட்டு குண்டூசியில் நின்றது. உட்கார இடமில்லை. அவள் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். சுவர் ஓட்டைக்கு அந்தப் பக்கம் அம்மா பருப்புக் கிண்டுகிற சத்தம் நின்றுபோனது.

"என்ன சொன்னான் அந்த ஆபீசர்?" என்றாள் ஊசி.

"அம்மா வீட்டுலயே நீயும் இருந்துக்கலாமாம் சித்தி. சார்ந்து வாழ்பவர்னு பதிவு இருக்காம். அதனால யாரும் கேக்க முடியாதாம்."

தையல் மிஷின் இன்னும் நாலு தையல் ஓடி நின்றது. ஊசி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"யாரு யாரைச் சார்ந்து?"

டிகிரி சரிந்திருந்த ஒரு துண்டுச்சீட்டை நிமிர்த்திக் குத்தினாள்.

"பதினாலு வயசுலருந்து இதை மிதிக்கிறேன். ஒருத்தர் வீட்டுக் கதவைத் தட்டி எனக்கு இடம் குடுன்னு நின்னதில்ல. இந்த ஓட்டை வழியா உங்கம்மா கையைப் பாப்பேன், அவ என் கையைப் பாப்பா. ஆனா எனக்குக் கதவு தனி. நான் சாத்தினா சாத்தினதுதான், தொறந்தா தொறந்ததுதான்."

"ஊசி" என்றாள் அம்மா அந்தப் பக்கத்திலிருந்து. "வந்து இரேன். யாரு கேக்கப் போறா?"

"நீ கேக்க மாட்டக்கா. ஆனா யாராவது கதவைத் தட்டினா, எந்திரிச்சுப் போய்த் தொறக்கறது நானா நீயான்னு நான் ஒரு நிமிஷம் யோசிப்பேன்ல. தினம் யோசிப்பேன்."

அந்தப் பக்கம் கரண்டி மறுபடி சட்டியில் உரசியது.

"என்னைத் திட்டேன் சித்தி" என்றாள் அவள். குரல் பிசிறியது, அது அவளுக்குப் பிடிக்கவில்லை. "ரெண்டு அறை வேணும்னாலும் விடு."

"எதுக்கு? உள்ளதை எழுதுன்னு சொன்னது நான்தான்."

"அதுக்கு முன்னாடி பொய் எழுதச் சொன்னியே."

"ஆமா." ஊசி அடுத்த துணியை இழுத்து மிஷின் முனைக்கு அடியில் வைத்தாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது, பழைய குத்தல் சிரிப்பு. "அப்ப எனக்குத்தான் படிப்பு இருந்திருக்கு."

சொல்லிவிட்டு மிதிக்க ஆரம்பித்தாள். ஓட்டைக்குள் சட்டி திரும்புகிற சத்தம் வந்தது. கைப்பிடி ஊசியைப் பார்த்து நின்றது. அன்றைக்கு அவள் அதை வெகுநேரம் எடுக்கவில்லை. எடுத்தபோது பருப்பில் ஆடை கட்டியிருந்தது.

ஊசி தன் அண்ணன் மகன் இருக்கிற ஊருக்கே போவதென்று முடிவு செய்தாள். அங்கே மாடியில் ஓர் அறை, தனிப் படிக்கட்டு, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். போவதற்கு முன்னால் ஊசி எல்லாத் திரைகளையும் தைத்து முடித்து, எண் பார்த்து வாசல் வாசலாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நீல அடுப்பைச் சுமந்தவர்களில் ஒருத்தி கொடுத்த துணியில் கரை கோணலாக இருந்ததைப் பிரித்து மறுபடி தைத்துக்கூடக் கொடுத்தாள். சுமை ஆட்டோவில் மிஷினை ஏற்றிக் கயிறு கட்டினார்கள். சுவர் அடுப்பு யாருக்கு என்கிற பேச்சு வந்தபோது இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் "நீயே வெச்சுக்கோ" என்றார்கள். கடைசியில் ஊசி கட்டிலுக்கு அடியிலிருந்து தன் துருப்பிடித்த அடுப்பை இழுத்து, வெட்டுத்துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வண்டிக்காரர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். டிகிரியைப் பார்த்து அடுப்பைத் தட்டிக் காட்டினாள்.

"இதுக்கு நம்பர் போடல நீ."

வண்டி கிளம்பிச் சந்தின் திருப்பத்தைக் கடந்துவிட்டது. அம்மா வாசலுக்கு வரவில்லை. உள்ளே, காலியான ஓட்டை முன்னால், கரி படிந்த செங்கல்லை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

இடிக்கிற மிஷின் வந்த அன்றைக்கு டிகிரிதான் பதிவேட்டோடு நிற்க வேண்டியிருந்தது. வாசல் வாசலாகக் காலி என்று குறித்தாள். முன்சுவர்கள் முதலில் விழுந்தன. தூசி அடங்கியபோது அந்த நடுச்சுவர் மட்டும் தனியாக நின்றது, நடுவில் கறுத்த சதுர ஓட்டையோடு. அதன் வழியாக, ஒளிவு மறைவில்லாமல், கால்வாயும் அதற்கு அப்பால் புதுக் கட்டடமும் தெரிந்தன. மிஷின்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் திரும்பி வரும்வரை அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

திறப்பு விழாவில் பொதுச் சமையலறைக்கு நல்ல கூட்டம். எட்டு அடுப்பு, எட்டும் புதுசு. சுவர் முழுக்க அந்தப் படத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். ஊசியின் கை ஓர் ஆள் உயரத்துக்கு இருந்தது, ஊசி குத்திய புள்ளிகள்கூடத் தெரிந்தன. வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் பூட்டினார்கள். சாவி காவலாளியிடம் இருக்கிறது என்றார்கள். ஒரு மாதத்தில் அதற்குள் மிச்சப் பெயின்ட் டப்பாக்களும் உடைந்த சைக்கிள்களும் சேர்ந்தன. வரைபடத்தில் இருந்த நடுச்சுவர்த் திறப்பு, தீயணைப்பு விதிக்கு ஒத்துவரவில்லை என்று கட்டும்போதே போயிருந்தது.

வீடு நல்ல வீடு. அதைச் சொல்லாவிட்டால் பொய். காற்று வருகிறது, மழை ஒழுகவில்லை, விளக்குக்குச் சூரியன் தருகிற மின்சாரம் போதும். ஆர்க்கிடெக்ட் அடுப்பு மேடையை ஜன்னலுக்குக் கீழே வைத்திருந்தார், புகை வெளியே போக. அம்மா அங்கே வைக்கவில்லை. அடுப்பைப் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி, ஒரு பழைய மேசை மேல் வைத்துக்கொண்டாள். மகள் ஒருமுறை எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். "இங்கதான் எனக்குக் கை வருது" என்றாள் அம்மா. அதற்கு மேல் அந்த விஷயத்தில் ஒரு வார்த்தை கிடையாது. திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்குவாளியோடு பஸ் ஏறிப் போவாள், சாயங்காலம் தூக்குவாளியோடு வருவாள். சித்தி எப்படி இருக்கா என்று கேட்டால், "இருக்கா" என்பாள்.

ஒரு மத்தியானம் டிகிரி வேலையிலிருந்து சீக்கிரமே வந்தாள். ராத்திரி ஷிப்டு முடித்து வந்திருந்த அம்மா, சமைத்துவிட்டுச் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சோப்பு அரித்த விரல்கள் பாயிலிருந்து வெளியே நீண்டு கிடந்தன. ஜன்னலில் ஊசி தைத்த திரை மெல்ல உப்பி அடங்கியது. அவளுக்குப் பசி. நேராக அடுப்பிடம் போனாள்.

சட்டி மூடியிருந்தது. கைப்பிடி சுவரைப் பார்த்துத் திரும்பி, சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அது முட்டுகிற இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு உரிந்து ஒரு விரல்கடை அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. ஒருநாளில் விழுகிற பள்ளம் இல்லை.

அவள் கையை நீட்டிக் கைப்பிடியைப் பிடித்தாள். இன்னும் சூடாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நீல அடுப்புக்காரியின் வீடு. அங்கே யாரோ பாத்திரத்தை இறக்கி வைக்கிற ஓசை கேட்டது, பிறகு ஒரு மூடி, பிறகு ஒன்றுமில்லை. கைப்பிடியை இந்தப் பக்கம் திருப்பாமல், சூடு ஆறுகிறவரைக்கும் பிடித்தபடி நின்றாள்.